தூக்க மூச்சு இயந்திரம்: அழுத்தத்தை நீங்களே மாற்றாதீர்கள்

தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு சிபேப் இயந்திரம் உதவும். அது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிறது.

காற்றழுத்தம் பொதுவாக 4 முதல் 20 வரை இருக்கும். உங்களுக்குரிய அளவை மருத்துவரே முடிவு செய்வார். இன்னொருவரின் அளவு உங்களுக்குப் பொருந்தாது.

அழுத்தம் குறைவாக இருந்தால் குறட்டை திரும்பும். பகலில், மோட்டார் ஓட்டும்போதுகூடக் கண் சொக்கும். அதிகமானால் வயிறு உப்பும். முகமூடியில் காற்று கசியும்.

இயந்திரத்தை நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் கூடலாம். முதலில் முகமூடியின் வாரைச் சரிசெய்யுங்கள். தொந்தரவு நீடித்தாலோ உடல் எடை வெகுவாக மாறினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். ரெங்கத்தில் இருப்பவர்கள் முதலில் சுகாதாரக் கிளினிக்கில் கேட்கலாம். இயந்திரத்தையும் முகமூடியையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.