வாழும் நடுகல்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து வழிபட்டது பழந்தமிழர் மரபு. அம்மரபின் நிலைகளைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. நடுகல் இறந்தவரை நினைவூட்டுவதோடு, அவர் காத்த அறத்தைத் தொடருமாறு வாழ்வோரையும் பணிக்கிறது. அவ்வகையில் மாற்றுத்திறனாளிகளின் நல்வாழ்வுக்காக உழைத்த ஒருவருக்கு எத்தகைய நினைவிடம் பொருந்தும்? இவ்வினாவிற்கு வேலூரில் ஒரு விடை உள்ளது.

வீழ்ச்சியில் பிறந்த பணி

மருத்துவர் மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கேரளத்தின் செராயில் பிறந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1954ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் அவரது தண்டுவடம் சிதைந்தது. இடுப்புக்குக் கீழ் உடல் செயலிழந்தது. மருத்துவப் பணி முடிந்துவிட்டதெனப் பலரும் கருதியிருக்கக்கூடிய அந்நிலையில், மருத்துவர் பால் பிராண்டின் வழிகாட்டுதலில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தை அவர் மேற்கொண்டார்.

தொழுநோய் நரம்புகளைத் தாக்குவதால் விரல்கள் மடங்கிச் செயலிழக்கும். நலமாக இயங்கும் தசையின் நாணை இடம்மாற்றி இணைத்தால் அவ்விரல்கள் மீண்டும் இயங்கும். அமர்ந்தவாறே செய்யத்தக்க இவ்வறுவை மருத்துவத்தை மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தே செய்தார். பின்னர், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று தாயகம் திரும்பினார். 1966ஆம் ஆண்டு வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக விளங்கினார். 1972ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986ஆம் ஆண்டு மறைந்தார். அந்நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தண்டுவடம் சிதைந்தோர் படுக்கையிலிருந்து எழவும், சக்கர நாற்காலியை இயக்கவும், தம் பணிகளைத் தாமே செய்யவும் அங்குப் பயிற்சி பெறுகின்றனர்.

நினைவிடம் கற்ற பாடம்

நல்ல நோக்கத்துடன் எழுப்பப்படும் நினைவிடமும் சிலவேளை பிழைபடுவதுண்டு. இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் செயலிழந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1997ஆம் ஆண்டு வாஷிங்டனில் நினைவிடம் திறக்கப்பட்டது. அங்கிருந்த அவரது பெருஞ்சிலையில் நீண்ட மேலங்கி, அவர் அமர்ந்திருந்த நாற்காலியைப் பெரிதும் மறைத்தது. மாற்றுத்திறனாளிகள் குரல் எழுப்பி நிதி திரட்டினர். அதன் பயனாக, சக்கர நாற்காலியில் அவர் அமர்ந்திருக்கும் சிலை 2001ஆம் ஆண்டு அந்நினைவிடத்தில் நிறுவப்பட்டது.

அங்குப் பொறிக்கப்பட்ட பிரெய்ல் எழுத்துகளும் குறைகூறலுக்கு உள்ளாயின. பிரெய்ல் முறையில் ஓர் எழுத்துக்குரிய ஆறு புள்ளிகளின் இடம் விரல்நுனிக்குள் அடங்க வேண்டும். பூவிருந்தவல்லியிலுள்ள பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் வரியின்மேல் விரலை நகர்த்திப் படிப்பதும் இவ்வளவினாலேதான். வாஷிங்டனில் புள்ளிகள் மிகப் பெரியனவாக அமைந்தமையால் விரல்கள் அவற்றைப் படிக்க இயலவில்லை. காண்பதற்கு அழகாக இருந்த எழுத்து, யாருக்காகப் பொறிக்கப்பட்டதோ அவருக்கே பயன்படவில்லை. பயன்படுத்துவோரைக் கலந்துகொள்ளாத உதவி குறையுடையதே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

நுழைவாயிலே சான்று

பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகளும் தடையின்றி அணுகுமாறு அமைப்பதை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கடமையாக்கியுள்ளது. எனவே சாய்தளம் என்பது இரக்கத்தால் தரப்படும் சலுகையன்று, அஃது உரிமை. அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் ஒரு நூலகமோ பூங்காவோ அமையுமாயினும், அதன் வாயிலில் முதலில் எழவேண்டிய வினா ஒன்றே: சக்கர நாற்காலியில் வரும் மாணவி பிறர் துணையின்றி உள்ளே செல்ல இயலுமா?

மாற்றுத்திறனாளிகளுக்காக உழைத்தவரின் சிலை உயர்ந்த பீடத்தில் நிற்க, அவர் யாருக்காக உழைத்தாரோ அவர்கள் படிக்கட்டின் கீழேயே நின்றுவிட்டால் அந்நினைவிடம் பொருளற்றதாகும். பாகாயத்தில் ஒருவர் முதன்முறையாகத் தம் சக்கர நாற்காலியைத் தாமே செலுத்தும் ஒவ்வொரு நாளும் மேரி வர்கீசின் பணி தொடர்கிறது. அதுவே அவருக்குரிய வாழும் நடுகல்.