மரபணு மாறவில்லை, தொடை கிழிகிறது

2023 ஆகஸ்ட் 12. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பைக் கால்பந்து ஆட்டம். சென்னைக்காரர் நந்தகுமார் சேகர் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்து அடித்தார். மோகன் பகானிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்த அவரது அணியான ஈஸ்ட் பெங்கால் அந்தக் கோலால் 1-0 என வென்றது.

ஓரத்தில் ஆடுபவரின் பிழைப்பே இப்படித் திடீரெனப் பாய்வதுதான். தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங்குக்கு ஆபத்தும் அதில்தான். முழு வேக ஓட்டத்தில் முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அந்தத் தசை நீண்டுகொண்டே காலை இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். நார்கள் பெரும்பாலும் அப்போதுதான் கிழிகின்றன. யாரும் வந்து மோத வேண்டியதில்லை. லிவர்பூலின் மைக்கேல் ஓவனுக்கு 1999 ஏப்ரலில் லீட்ஸ் மைதானத்தில் நடந்தது இதுதான். வயது 19. பழைய ஓட்டம் திரும்பவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.



இந்தக் காயத்தில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஏசிடிஎன்3 என்ற மரபணு, வேகத்துக்கான தசைநார்களில் ஆல்ஃபா ஆக்டினின்-3 என்ற புரதத்தை உண்டாக்குகிறது. உலகில் நூறு கோடிப் பேருக்கு மேல் இந்தப் புரதமே இல்லாமல் நன்றாக வாழ்கிறார்கள். ஆனால் இத்தாலியத் தொழில்முறை வீரர்கள் 257 பேரை ஆராய்ந்தபோது, புரதம் இல்லாதவர்களுக்குத் தசைக்காய வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது. பார்சிலோனா அணியின் மருத்துவர்களும் தங்கள் வீரர்களிடம் வேறு சில மரபணுக்களைத் தேடிப் பார்த்தார்கள்.

இதை வைத்துக் குற்றத்தை மரபணுவின் தலையில் கட்டிவிட முடியாது. ஐரோப்பாவின் முன்னணி அணிகளில் 2001-02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங் காயம், 2021-22இல் 24 சதவீதமானது. இருபது ஆண்டில் மனித மரபணு மாறிவிடுமா? மாறியது ஆட்டத்தின் வேகமும் அடுக்கடுக்கான ஆட்ட அட்டவணையும்தான். ஒருமுறை கிழிந்த தசை மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எச்சிலை அனுப்பினால் மரபணுவைச் சோதித்து, பிள்ளைக்கு எந்த விளையாட்டு பொருந்தும் என்று சொல்வதாகச் சில நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. அந்தப் பணத்தில் நல்ல பூட்ஸ் வாங்கலாம். திறமையைக் கண்டறிய இத்தகைய சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று விளையாட்டு மரபியல் வல்லுநர்கள் 2015இலேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள்.

ஹாம்ஸ்ட்ரிங்கைக் காக்கக் காசில்லாத மருந்து ஒன்றும் இருக்கிறது. மண்டியிட்டு, குதிகால்களை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் மெல்ல முன்னே சாய்வது. நார்டிக் பயிற்சி என்று பெயர். இதை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஆனாலும் 2015இல் ஐரோப்பாவின் 50 அணிகளை விசாரித்தபோது, பெரும்பாலானவை அதை முழுமையாகச் செய்யவில்லை.