பிரேக் ஆயிலும் மிதியின் உறுதியும்

பந்தயப் பாதையில் கார் ஓட்டப் பழகுகிறவர்கள், எஞ்சினின் சக்தியையும் டயர்களின் பிடிப்பையும் பற்றி எவ்வளவு சிரத்தையோடு விசாரிக்கிறார்களோ, அவ்வளவு சிரத்தையோடு பிரேக் ஆயிலைப் பற்றி விசாரிப்பதில்லை. ஆனால், பாதம் இடும் கட்டளையைச் சக்கரம் வரையில் கொண்டு சேர்ப்பது அந்தத் திரவந்தான்.

முதலில் உஷ்ணத்தின் கணக்கைப் பார்ப்போம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார், மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 72 கிலோமீட்டராகத் தணியும்போது, அது இழக்கிற சக்தி 12,60,000 ஜூல்; நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான இந்தச் சக்தியில் பெரும்பகுதி, சில விநாடிகளுக்குள் டிஸ்க்கிலும் பேடிலும் உஷ்ணமாக இறங்கி, அங்கிருந்து, பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலையும் சுட வைக்கிறது.

திரவத்தை அழுத்திச் சுருக்குவது மிகவும் கடினம். ஆவியைச் சுருக்குவதோ எளிது. ஆகையால், காலிப்பரில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகிவிட்டால், சாரதியின் பிரயத்தனமெல்லாம் அக்குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகி, மிதி தொளதொளத்துத் தரை வரையில் இறங்கிவிடுகிறது. மிதி கெட்டியாகவே இருந்தும் கார் நிற்க மறுத்தால், குற்றம் சூடேறிய பேடினுடையது. மிதியே அமிழ்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆயிலை.

கிளைக்கால் வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் கிரகிக்கும் சுபாவம் உடையவை. அதனால் கொதிநிலை தாழ்ந்துகொண்டே போகும். புதிதாக இருக்கையில் டாட் 3 என்ற தரத்து ஆயில் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸையும், டாட் 4 230 டிகிரியையும், டாட் 5.1 260 டிகிரியையும் தாங்க வேண்டும் என்பது விதி; சுமார் 3.7 சதவிகிதம் ஜலம் கலந்த பிறகு அவை முறையே 140, 155, 180 என்று இறங்கலாம். பந்தயத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட காஸ்ட்ரால் எஸ்.ஆர்.எஃப். புதிதில் 320 டிகிரியும், ஈரம் ஏறிய பின்பும் 270 டிகிரியும் தாங்குவதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் விசேஷம் முதல் எண்ணைவிட இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது.

டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. அது ஈரத்தைக் கிரகிப்பதில்லை. எனினும் காற்றை அதிகமாகத் தன்னுள் கரைத்துக்கொள்வதாலும், சற்றே அதிகமாகச் சுருங்குவதாலும், மிதியின் உறுதி குறைகிறது. அதை மற்ற வகைகளோடு ஒருபோதும் கலக்கலாகாது.

விலை உயர்ந்த ஆயிலை ஊற்றிய மாத்திரத்தில் மிதி முன்னைவிடக் கெட்டியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். முதல் சுற்றில் இருந்த உறுதியைக் கடைசிச் சுற்று வரையில் காப்பாற்றித் தருவதே நல்ல ஆயிலின் தர்மம். கொதித்த ஆயில் ஆறியதும், ஆவி மீண்டும் திரவமாகி மிதி சரியாகிவிடும். ஆனால் உள்ளே புகுந்த ஜலம் அங்கேயே இருப்பதால், அடுத்த பலத்த பிரேக்கில் அதே அபாயம் திரும்பவும் வரும்.

ஆகவே நேயர்களே, பாதையில் இறங்குமுன் நான்கு காலிப்பர்களிலிருந்தும் பழைய ஆயிலை வெளியேற்றி, முத்திரை உடைக்காத டப்பாவிலிருந்து புதியதை நிரப்பிக் காற்றை நன்றாக எடுத்துவிடுங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்குகளை ஆற விடுங்கள். வாங்கும்போது டப்பாவின் மேலுள்ள ஈரக் கொதிநிலையை, அதாவது ஈரம் ஏறிய பின்னுள்ள கொதிநிலையை, படித்துப் பார்த்து வாங்குங்கள்.