கம்ப்யூட்டர் வாங்குமுன் வேலையைக் கணக்கிடுக

சென்ற ஆண்டில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தேன். சேலைக் கரைகளுக்கு டிசைன் வரையும் அறையில் புதிய கம்ப்யூட்டர் ஒன்று பேரிரைச்சலுடன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பிராசசர்கள் பொருத்திய சர்வர் இயந்திரம் அது. “32 கோர் உள்ளது, ஆயினும் பழைய இயந்திரத்தைவிட மெதுவாகவே வேலை நடக்கிறது” என்று டிசைன் வரைபவர் குறைப்பட்டுக்கொண்டார். வந்த விலைப்புள்ளிகளில் கோர் எண்ணிக்கை எதில் அதிகமோ அதையே நிர்வாகக் குழுவினர் தேர்ந்தெடுத்திருந்தனர். அங்கத்தினரின் பணம் இவ்வாறு முடங்கியிருப்பதைக் கண்டதனாலேயே இதனை எழுதலானேன்.

கோர் என்பது பிராசசருக்குள் தனித்து ஒரு கணக்கை நடத்தவல்ல பகுதியாகும். ஒரே கோரின் வேகத்தை மேன்மேலும் உயர்த்தினால் சூடும் மின்செலவும் தாங்கவொண்ணாதபடி பெருகின. ஆகவே 2005ஆம் ஆண்டில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு கம்பெனியாரும் மேசைக் கம்ப்யூட்டருக்கென இரண்டு கோர் கொண்ட பிராசசர்களை விற்கத் தொடங்கினர். அன்று முதல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வருகிறது. ஆனால் கோர் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என்று எண்ணுவது தவறு.

ஜீன் அம்தால் என்ற அமெரிக்க நிபுணர் 1967இல் இதற்கொரு நியாயம் காட்டினார். நான்கு நாள் வேலை ஒன்றில் பாவு ஆயத்தம் செய்ய ஒரு நாளும், நெய்ய மூன்று நாளும் ஆவதாகக் கொள்வோம். நெசவை 4 தறிகளுக்குப் பகிர்ந்தால் மொத்தம் ஒன்றே முக்கால் நாளில் முடியும். 16 தறிகளுக்குப் பகிர்ந்தாலும் ஒரு நாளும் சில மணி நேரமும் ஆகும். ஆயிரம் தறி நிறுத்தினாலும் அந்த முதல் நாள் குறையாது. (ஒரு பாவை ஆயிரம் தறிக்குப் பகிர்வது எங்ஙனம் என்று நெசவாளர் நகைக்கலாம், கணக்கிற்காகவே சொன்னேன்.)

டிசைன் வரையும் வேலை பெரும்பாலும் அந்த முதல் நாளைப் போன்றது. ஒரு கோடு இழுத்த பின்னரே அடுத்தது. அங்கே வேண்டுவது வேகமான சில கோர்களும் நல்ல கிராபிக்ஸ் கார்டுமே. கோர் மிகுந்த சர்வர் பிராசசர்களிலோ சூட்டை அடக்கும் பொருட்டு ஒவ்வொரு கோரின் வேகத்தையும் பெரும்பாலும் குறைத்தே அமைக்கின்றனர். நெய்யாத துணியின் மடிப்பையும் நிழலையும் திரையில் தோற்றுவிக்கும் வேலை மட்டும் பல கோர்களுக்கு நன்கு பிரியும். அது நாள்தோறும் உள்ள இடத்தில் கூடுதல் கோர் வீணாகாது.

விளைபொருள் விற்பனைச் சங்கத்தின் நிலை வேறு. கிடங்கிலும் கிளைகளிலும் கடன் பிரிவிலும் ஒரே வேளையில் பலர் வரவு செலவு பதிகின்றனர். ஒருவர் பதிவு பெரும்பாலும் மற்றவர் பதிவுக்குக் காத்திராது. ஆதலின் பல கோர்கள் உண்மையாகவே உழைக்கும். இங்கே கோரைவிட முக்கியமானது ஈ.சி.சி. மெமரி. இரவும் பகலும் ஓடும் இயந்திரத்தின் நினைவகத்தில் ஒரு பிட் தானே மாறிவிடுவதுண்டு. இம்மெமரி அதனைத் திருத்திவிடும். இரண்டு பிட் மாறினால் பிழையென்று அறிவிக்கும். ஓர் அங்கத்தினரின் வைப்புத் தொகையில் ஓர் இலக்கம் மாறினால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். இரட்டை மின்வழங்கியும், ஒன்றின் பிரதியை மற்றொன்று வைத்திருக்கும் இரு டிஸ்குகளும் அவ்வாறே அவசியமானவை.

பிராசசர் இரண்டு வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி உண்டு. ஒன்று மற்றதன் மெமரியை நாடினால் தாமதம் நேரும். 2017இல் வெளிவந்த ஏ.எம்.டி. எபிக் வரிசையிலேயே ஒரு பிராசசரில் 32 கோர் வரை அமைந்துவிட்டன. நம் சங்கங்களுக்கு இரண்டாவது பிராசசர் தேவைப்படுவது அரிது என்பதே என் கருத்து.

விலைப்புள்ளியில் எளிதில் தென்படாத செலவு ஒன்றும் உண்டு. மைக்ரோசாப்டின் எஸ்.கியூ.எல். சர்வருக்கு 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கோர் எண்ணிக்கைப்படி லைசென்ஸ் கட்டணம் கணக்கிடும் முறை வந்தது. விண்டோஸ் சர்வருக்கு 2016 பதிப்பிலிருந்து இம்முறையே; ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோருக்கு லைசென்ஸ் பெறவேண்டும். சும்மா கிடக்கும் கோருக்கும் கட்டணம் உண்டென்பதை நிர்வாகிகள் கவனிக்கவேண்டும்.

மேற்கூறிய சங்கத்தில் அவ்வியந்திரத்தைக் கணக்குப் பிரிவின் தனி அறைக்கு மாற்றிவிட்டனர். டிசைன் அறைக்கு 8 கோர் கொண்ட ஒர்க்ஸ்டேஷன் வாங்கத் தீர்மானம் ஆயிற்று. இம்முறை விலைப்புள்ளி கொடுத்தோர் ஒவ்வொருவரும் சங்கத்தின் மிகப் பெரிய டிசைனைத் தத்தம் இயந்திரத்தில் திறந்து காட்டவேண்டுமென்று நிபந்தனை விதித்துள்ளனர்.