மிஸ் கேரளாவுக்கு மதராஸ் கவர்னர் பெயர்!

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் இருக்கும் பக்கம் குழந்தைகளோடு போனால், திரும்ப இழுத்து வருவது பெரும்பாடு. என் மகள் நகராமல் நின்றது 'மிஸ் கேரளா' தொட்டி முன்னால்தான்.

வெள்ளி உடம்பு. மூக்கிலிருந்து வால் வரை மை இழுத்தாற்போல் கறுப்புக் கோடு. அதற்கு மேலே, கண்ணைத் தொட்டுக்கொண்டு பாதி உடம்பு வரை ஓடும் ரத்தச் சிவப்பு. மலையாளத்தில் செங்கணியான் என்கிறார்கள்.

கேரள அழகிதான்; ஆனால், அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பவர் மதராஸ் கவர்னர் வில்லியம் டெனிசன்! மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்துகொண்டே மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே, திருவிதாங்கூரின் முண்டக்கயத்தில் கிடைத்த இந்த மீனுக்கு 1865-ல் அவர் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இது கிடையாது. 2013-ல் இதையும், சாலக்குடி ஆற்றின் பெயர் கொண்ட இதன் உறவுக்கார மீனையும் சேர்த்து 'சஹ்யாத்ரியா' என்று தனிப் பேரினமே உருவாக்கிவிட்டார்கள்.

வினை வந்தது புகழால். 1997-ல் சிங்கப்பூர் வண்ணமீன் கண்காட்சியில் பரிசு வாங்கியதும் வெளிநாடுகளில் கிராக்கி எகிறியது. 2005-லிருந்து 2012-க்குள் மட்டும் இந்த இரண்டு வகையிலும் சேர்த்து 3 லட்சத்துக்கும் மேலான மீன்கள் ஏற்றுமதி. கூட்டமாகத் திரியும் மீன் என்பதால் வலையில் அள்ளுவதும் சுலபம். அணை, மணல் கொள்ளை வேறு. இன்று அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது.

கேரள அரசு 2008-ல் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. நல்ல விஷயம்தான். ஆனால், பிடிக்கக் கூடாது என்று குறித்த மாதங்களில் பெரும்பகுதி மழைக்காலம்; மீன் முட்டையிடுவதோ அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்று பிறகு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிரசவ நேரத்தில் கதவைத் திறந்துவைத்த கதை!

இப்போது ஹார்மோன் ஊசி போட்டு பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். அதனால் வாங்கும்போது, "அண்ணே, இது பண்ணை மீனா, ஆத்து மீனா?" என்று கேளுங்கள். நான் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். ஆனால், பதில் சொன்னார். "பண்ணைதான் சார். ஆத்து மீன் தொட்டியில சீக்கிரம் செத்துடும்."

"அப்பா, ரெண்டே ரெண்டு" என்றாள் மகள். இரண்டு போதாது. குறைந்தது ஆறாவது சேர்ந்து இருந்தால்தான் மிரளாமல் நீந்தும். அரை அடி வரை வளரும். நாலடித் தொட்டி, ஓட்டமான குளிர்ந்த தண்ணீர் வேண்டும். துள்ளி வெளியே விழும் என்பதால் மூடியும் கட்டாயம். எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றரை அடித் தொட்டி. கப்பி வாங்கிக்கொண்டு திரும்பினோம்.