ஊசிக்குள் இருப்பது ஓடு மட்டும்

ஆறாந்தர மாணவிகளுக்கான எச்பிவி தடுப்பூசியின் ஒப்புதல் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: புற்றுநோய் தரும் எச்பிவி வைரஸையே பிள்ளையின் உடம்பில் ஏற்றுகிறார்களா?

பதில் அந்த வைரஸின் தந்திரத்தில் இருக்கிறது. கலத்தின் மரபணு பழுதடைந்தால் பி53 என்ற புரதம் கலம் பிரிவதை நிறுத்தும். பழுது தீராவிட்டால் கலத்தைச் சாகடிக்கும். வேறு பல புற்றுநோய்களில் பி53இன் மரபணுவே கெட்டிருக்கும். எச்பிவி தரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, புரதத்தைத்தான் காணோம். வைரஸின் ஈ6 புரதம், கலத்தின் சொந்த நொதியம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு பி53 மீது ‘கழிவு’ என்று அடையாளம் ஒட்டவைக்கிறது. கலத்தின் கழிவகற்றும் பொறி தன் காவலாளியையே அரைத்துத் தள்ளுகிறது. 1990இலேயே இதன் அடிப்படை ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டுவிட்டது.

வழக்கமாக வைரஸின் ஈ2 புரதம் ஈ6ஐ அளவோடு வைத்திருக்கும். தொற்றும் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் மறைந்துவிடும். மறையாத சிலரில் வைரஸின் வளைய மரபணு அறுந்து நம் மரபணுவோடு சேர்ந்துகொள்கிறது. அறும் இடம் பல வேளைகளில் ஈ2. பிறகு ஈ6ஐக் கேட்க ஆளில்லை. இதில் வைரஸுக்கும் இலாபமில்லை. அந்தக் கலத்திலிருந்து புதிய வைரஸ் வெளிவராது.

ஆய்வுகூடத்தில் ஈ6ஐ அடக்கினால் பி53 திரும்பி வருகிறது. மருந்துக்கு இதைவிடத் தெளிவான இலக்கு ஏது? ஆனாலும் முப்பது ஆண்டுகள் கடந்தும் ஈ6ஐ நேரே தாக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லை. ஈ6 நொதியமல்ல, புரதங்களைச் சேர்த்துவைக்கும் தரகர். அந்தப் பிடியை விடுவிப்பது ஒரு மாத்திரைக்கு இலகுவல்ல.

தடுப்பூசியில் ஈ6 இல்லை, வைரஸின் மரபணுவும் இல்லை. எல்1 என்ற மேலோட்டுப் புரதம் மட்டுமே. அதனால் அது புற்றுநோயைத் தராது. ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணப்படுத்தவும் செய்யாது. ‘புற்றுநோய்த் தடுப்பூசி’ என்பது சுகாதாரத் துறைக்கு வசதியான பெயர். அது தடுப்பது தொற்றை, அதிலும் சில வகைகளை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18ஆம் வகைகள் அவற்றுள் அடங்கும். இந்நோய்க்கு உலக சுகாதார ஸ்தாபனம் குறித்துள்ள ‘ஒழிப்பு’ என்பதும் பூச்சியம் அல்ல: ஆண்டுக்கு ஒரு இலட்சம் பெண்களில் புதிய நோயாளர் நால்வருக்குக் குறைவு. 2030 அந்த ஒழிப்பின் ஆண்டும் அல்ல. ஊசி, பரிசோதனை, சிகிச்சை இலக்குகளை எட்டவேண்டிய ஆண்டு.

மற்றக் கேள்விகள். ஒரு ஊசியா, இரண்டா? 2017இல் நம் பாடசாலைகளில் இரண்டாகவே தொடங்கியது. ஒன்றும் போதுமென 2022இல் அந்த ஸ்தாபனம் ஏற்றது. பிள்ளைப்பேற்றைப் பாதிக்குமா? இல்லை. ஊசி போட்டவருக்குப் பின்னாளில் பரிசோதனை வேண்டுமா? வேண்டும். தாய்மாருக்கு? 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை. மயக்கம் வருமா? சிலருக்கு வரும், அன்று காலை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.