அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்

என்னிடம் பாட்டு கற்க வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் மூன்றாம் மாதமே கேட்டுவிடுகிறார்கள்: “டீச்சர், இவ எப்ப மேடை ஏறுவா?” அப்போதுதான் ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசை தொடங்கியிருக்கும். கும்பகோணத்தில் 26 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வந்தால் எம்.எஸ். சுப்புலட்சுமியின் கதையைச் சொல்வேன்.

மதுரையில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியை யாரோ தூக்கி, கை கழுவிவிட்டு, பக்கத்துச் சேதுபதி பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அம்மா சண்முகவடிவின் வீணைக் கச்சேரி. அம்மா பாடச் சொன்னார், பாடினாள். கைதட்டல் மனசில் பதியவில்லை, மண் விளையாட்டுக்குத் திரும்பும் நினைப்புதான் இருந்தது என்று எம்.எஸ். பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1968-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். ஆனால் அந்தப் பள்ளியில் பாடிய அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது, அம்மா சொன்னால் பாடலாம் என்பது மட்டும்தான்.

டி.கே. பட்டம்மாளுக்கு வழி அத்தனை லேசாக இல்லை. 1919-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். அவர் அம்மாவுக்கு நல்ல குரல். ஆனால் சொந்தக்காரர்கள் முன்னால்கூடப் பாட ஆசாரம் இடம் கொடுக்கவில்லை. அப்பா கிருஷ்ணசாமி தீட்சிதர் மகளை விடியற்காலையில் எழுப்பிப் பாட வைத்தார். ஆனாலும் சபையில் பாட அனுப்ப அவருக்கும் தயக்கம். பள்ளித் தலைமை ஆசிரியை எடுத்துச் சொல்லித்தான் அந்தத் தயக்கம் கரைந்தது. வீட்டார் கேட்பதே பெரிது என்று நினைக்கும் நான்கூட, வெளியார் சொல்லுக்கு மதிப்பு இல்லை என்று எப்படிச் சொல்வேன்? 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. ராகம் தானம் பல்லவி ஆண்களுக்கே என்றிருந்த காலத்தில் அதை மேடையில் பாடினார். அவருடைய பல்லவியைக் கேட்கும்போதெல்லாம், வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போன அந்த அம்மாவின் குரலை நினைத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பதினாறு வயதில் ஒரு பெரியவர் என் பாட்டைக் கேட்டுவிட்டு, “குரல்ல கனம் இல்ல, மேடைக்கு ஆகாது” என்றார். ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதியவர். ராகம் எதுவும் தெரியாது. தினமும் சாயங்காலம் சுருதிப்பெட்டியைத் துடைத்து என் முன்னால் வைப்பார். ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்காருவார். ஒரு நாள் பாடிவிட்டேன். முடித்ததும் உள்ளே வந்தார். “முன்னெல்லாம் மேல போற எடத்துல அவசரப்படுவே. இன்னிக்கு நின்னு போனேம்மா.”

இத்தனை வருடமும் அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்!

அப்படிக் கேட்டுச் சொல்ல ஆள் இல்லாமல், ‘சூப்பர்’ என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, போட்டியில் பரிசு கிடைக்காத அன்றைக்கே உடைந்துபோகிறது. எது நன்றாக இருந்தது என்று அதற்கு யாரும் சொன்னதில்லை. போன வாரம் ஒரு பெண் மோகன வர்ணம் பாடினாள். வழக்கமாகப் படம் பிடிக்கும் அவள் அம்மா செல்போனை மடியில் வைத்திருந்தார்.

“அந்தச் சரணத்த மறுபடி பாடுடி,” என்றார். “கடைசியில இழுத்தியே, அது நல்லாருந்துச்சு.”